கேஷ்பேக், டோக்கன், ரிபேட்: சொந்தத் தொழில் பண்றவங்க இதுக்கு வரி கட்டணுமா?

வணக்கம்ங்க. நீங்க கேட்டது ரெண்டு விஷயம். ஒன்னு, நீங்க கோயம்புத்தூர்ல வீட்ல இருந்தே வெப்சைட் பண்ணிக் குடுக்கறீங்க, ஹோஸ்டிங், சாஃப்ட்வேர், லேப்டாப்னு எல்லாமே கிரெடிட் கார்டுலதான் வாங்கறீங்க, வருஷத்துக்கு 15,000 போல கேஷ்பேக் வருது, அத வருமானமா காட்டணுமா. ரெண்டாவது, உங்க அக்கா வீட்டுக்காரர் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கறவர், பக்கெட்டுல வர்ற டோக்கன்ல போன வருஷம் அவருக்கு 60,000 சேர்ந்துச்சு, அதுல கம்பெனி 6,000 புடிச்சுக்கிச்சு, அது ஏன், திரும்ப வருமா.

நான் ஈரோட்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 16 வருஷமா கணக்கு பாக்கறேன். சின்னத் தொழில் பண்றவங்க ஃபைல்தான் எங்கிட்ட அதிகம். உங்க முதல் கேள்விய விட ரெண்டாவதுதான் எனக்கு மனசுல நிக்குது, ஏன்னா அதுல நிறையப் பேரோட உழைச்ச காசு கேட்பாரில்லாம கிடக்குது. ஆனா முதல் கேள்வி புரிஞ்சாத்தான் ரெண்டாவது புரியும், அதனால அதுலயே ஆரம்பிக்கறேன்.

கேஷ்பேக்னு ஒரே பேர்ல நாம சொல்றது உள்ளுக்குள்ள ரெண்டு வேற வேற சங்கதி. நீங்க ஒரு பொருள வாங்குனீங்க, அந்த வாங்கலுக்காக கொஞ்சம் திரும்ப வந்துச்சுன்னா, அந்தப் பொருள் உங்களுக்கு விலை குறைஞ்சு கிடைச்சுதுன்னு அர்த்தம், அது வருமானமே கிடையாது. ஆனா நீங்க யாருக்கோ வியாபாரம் நடத்திக் குடுத்ததுக்காகவோ, உங்க தொழில் மூலமா ஒரு கம்பெனி சரக்கு ஓடுனதுக்காகவோ காசு வந்துச்சுன்னா அது வருமானம், அதுக்கு அவங்க கேஷ்பேக்னு பேரு வெச்சாலும் ரிவார்டுன்னு வெச்சாலும் ஒன்னுதான். அதனால எங்கிட்ட யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கறது, இத யாருங்க குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க?

வீட்டுக்கு மளிகை வாங்கி 200 ரூபா கேஷ்பேக் வந்துச்சுன்னா அத எங்கயும் எழுத வேண்டாம். யுபிஐ ஆப்ல ஸ்கிராட்ச் கார்டுல 8 ரூபா, 12 ரூபா வர்றதையும் யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா எதையும் வாங்காம சும்மா வந்த பணமா பாத்தா, சொந்தக்காரங்க அல்லாத மத்தவங்ககிட்ட இருந்து வந்ததெல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்துல 50,000 தாண்டுனா வருமான வரிச் சட்டம் பிரிவு 56(2) படி தாண்டுன பாகம் மட்டுமில்ல, முழுசும் வருமானம் ஆயிரும். கேஷ்பேக்ல மட்டும் அந்த அளவுக்குப் போறவங்கள நான் ரொம்பப் பாத்ததில்ல.

இப்ப உங்க தொழில் செலவுக்கு வருவோம். ஹோஸ்டிங்குக்கு 24,000 கட்டுனீங்க, கார்டுல 1,200 திரும்ப வந்துச்சு. உங்க செலவு 22,800, அவ்ளோதான். செலவ 24,000ன்னு எழுதி 1,200ஐ இதர வருமானம்னு எழுதுனாலும் லாபம் ஒன்னுதான் வரும், எப்படி வேணும்னாலும் எழுதிக்குங்க. தப்பு எங்க நடக்குதுன்னா, பில்லுல 24,000ன்னு இருக்குன்னு அத முழுசா செலவுல போட்டுட்டு, 1,200 கார்டு ஸ்டேட்மென்ட்லயே கழிஞ்சு போயிரும், பேங்க் அக்கவுண்டுக்கு வராது, அதனால கணக்குக்கும் வராமலே போயிரும். வேணும்னு யாரும் பண்றதில்ல, ஸ்டேட்மென்ட்ட பாக்காம பில்ல மட்டும் வெச்சு கணக்கு எழுதறதால வர்றது. கார்டு ஸ்டேட்மென்ட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரியே வரிக்கு வரி எழுதுனீங்கன்னா இது தானா சரியாயிரும்.

மார்ச்ல செலவு பண்ணி, மே மாசம் கேஷ்பேக் வந்தா? போன வருஷக் கணக்குல முழுச் செலவையும் கழிச்சு ரிட்டர்னும் போட்டாச்சுன்னா, பழசத் திறந்து திருத்த வேண்டியதில்ல. முன்னாடி செலவா கழிச்சுக்கிட்ட ஒன்னு அப்புறம் பணமாவோ வேற எந்த ரூபத்துலயோ திரும்ப வந்தா, வந்த வருஷத்து வருமானம்னு பிரிவு 41(1) சொல்லுது. வந்த வருஷத்துல சேர்த்துக்குங்க, போதும்.

லேப்டாப் மாதிரி சொத்துன்னா கதை கொஞ்சம் மாறும். 80,000 ரூபா லேப்டாப்புக்கு பேங்க் ஆஃபர் 8,000 கழிஞ்சுது, கடை பில்லுல 80,000ன்னுதான் இருக்கும். ஆனா பிரிவு 43(1) படி சொத்தோட உண்மையான விலைங்கறது வேற யாராவது ஏத்துக்கிட்ட பங்க கழிச்சது போக மிச்சம்தான், அதனால உங்களுக்கு விலை 72,000. கம்ப்யூட்டருக்கு தேய்மானம் 40 சதவீதம், 28,800 கழிக்கலாம், அந்த வருஷத்துல 180 நாளுக்குக் கம்மியா உபயோகிச்சிருந்தா அதுல பாதி, 14,400. நோ காஸ்ட் இஎம்ஐல வாங்குனீங்கன்னா இன்னொரு சங்கதி இருக்குது, அங்க வட்டிக்குச் சமமா ஒரு தொகைய முதல்லயே விலைல தள்ளிட்டு அப்புறம் பேங்க் மாசாமாசம் வட்டியும் அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போடுவாங்க. தள்ளுனது விலைக் குறைப்பு, கட்டுன வட்டி செலவு, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

ஒரே கார்டுல வீட்டுச் செலவும் தொழில் செலவும் கலந்து வர்றதுதான் பெரிய தலைவலி. முடிஞ்சா தொழிலுக்குன்னு தனியா ஒரு கார்டு வெச்சுக்குங்க. முடியலையா, மொத்தச் செலவுல தொழில் பங்கு எவ்வளவோ அதே விகிதத்துல கேஷ்பேக்கையும் பிரிங்க, வருஷா வருஷம் அதே முறையில பண்ணுங்க. ரிவார்டு பாயின்ட்ட சேரும்போது எழுதறதில்ல, பணமாவோ பொருளாவோ மாத்தும்போதுதான் நான் எழுதுவேன், பாயின்ட் காலாவதி ஆகலாம், மதிப்பு மாறலாம். தொழில் செலவுல சேர்ந்த பாயின்ட்ல குடும்பத்தோட ஊருக்கு டிக்கெட் போட்டீங்கன்னா அந்த மதிப்ப நீங்க சொந்தத்துக்கு எடுத்துக்கிட்டதா காட்டி, தொழில் செலவுல இருந்து அவ்வளவையும் குறைச்சுருங்க. சின்னத் தொகைதானேன்னு விட்டுர்றவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல, தொழில் காசுல வந்தது தொழில் கணக்குல தெரியணும்.

ஆனா நீங்க 44ஏடிஏ பிரிவுல ரிட்டர்ன் போடறவரா இருந்தா இத்தன கணக்கும் உங்களுக்குத் தேவையே இல்ல. ஐடி தொழில் அந்தப் பிரிவுக்குள்ள வருது, வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்குனது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும், வரவுல பாதிய லாபம்னு காட்டிட்டுப் போயிரலாம். மிச்சப் பாதி செலவுன்னு சட்டமே எடுத்துக்குது, நீங்க நிஜமா என்ன செலவு பண்ணீங்கன்னு கேக்கறதில்ல, அதனால செலவு மேல வந்த கேஷ்பேக்குக்கும் அங்க வேலை இல்ல, கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம். பாதிக்கு மேல நிஜ லாபம் இருந்தா அதையே காட்டறது நேர்மையும் நல்லதும்.

ஒன்ன மட்டும் இதுல கலந்துராதீங்க. உங்க கிளையன்ட்டுகள ஒரு ஹோஸ்டிங் கம்பெனிக்கு அனுப்பி வெச்சு, ஆளுக்கு இவ்வளவுன்னு ரெஃபரல் போனஸ் வாங்கறீங்கன்னா அது கேஷ்பேக் இல்ல, கமிஷன். நீங்க எதையும் வாங்குனதுக்காக வரல, ஆள் புடிச்சுக் குடுத்ததுக்காக வந்தது. உங்க அக்கவுண்டுலயே கிரெடிட்டா ஏத்தி, அடுத்த வருஷ பில்லுல கழிச்சுக்கிட்டாலும் வருமானம்தான். இங்கத்த கம்பெனின்னா வருஷம் 20,000 தாண்டுனா 194எச் பிரிவுல 2 சதவீதம் வரி புடிப்பாங்க. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்னும் புடிக்காது, அதுக்காக வரி இல்லேன்னு ஆயிராது.

இனி உங்க அக்கா வீட்டுக்காரர் விஷயம்.

பெயின்ட் அடிக்கற இடத்துல நின்னு பாத்திருந்தீங்கன்னா தெரியும், 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட்ட தகட்டால நெம்பித் திறந்தவுடனே பெயின்டர் கை முதல்ல டோக்கனத் தேடிப் போகும். முன்னாடி அதக் கடையில குடுத்தா காசு குடுப்பாங்க, இப்ப கியூஆர் கோடு, ஒரு ஓரத்தச் சுரண்டி போன்ல ஸ்கேன் பண்ணா ஆப்ல பாயின்ட் ஏறும், அப்புறம் நேரா பேங்க் அக்கவுண்டுக்கு வரும். வயர் விக்கற கம்பெனி எலக்ட்ரீசியனுக்கும், பைப் கம்பெனி பிளம்பருக்கும், பிளைவுட் கம்பெனி கார்பென்டருக்கும் இதே மாதிரி வெச்சிருக்காங்க. பணம் ரூபா கணக்குல சின்னச் சின்னதா வர்றதால யாரும் அத வருமானமா நினைக்கறதில்ல, சாயங்காலம் டீ செலவுக்கும் பெட்ரோலுக்கும் போயிருது. வருஷக் கடைசியில பாத்தா 60,000.

பெயின்ட்டுக்கு காசு குடுத்தது பெரும்பாலும் வீட்டு ஓனர். டோக்கன் வாங்குனது பெயின்டர். அப்ப கம்பெனி எதுக்குக் குடுக்குது? இவர் தொழில் மூலமா அவங்க சரக்கு ஓடுது, அதுக்கு. அதனால இது தொழில்ல வந்த ஆதாயம், பிரிவு 28-ல நாலாவது உட்பிரிவு அதத்தான் சொல்லுது. இதுல ஒரு பழைய சண்டை இருந்துச்சு, மகிந்திரா அண்ட் மகிந்திரா வழக்குல 2018-ல சுப்ரீம் கோர்ட், பணமா வந்தா அது இந்த உட்பிரிவுல வராது, பொருளாவோ வசதியாவோ இருந்தாத்தான் வரும்னு சொல்லிருச்சு. 2023 நிதிச் சட்டத்துல அத மாத்திட்டாங்க, இப்ப பணமா வந்தாலும் பொருளா வந்தாலும் வருமானம்.

அந்த 6,000 எங்க இருந்து வந்துச்சுன்னா பிரிவு 194ஆர். 2022 ஜூலை 1-லிருந்து இருக்குது. தொழில் சம்பந்தமா ஒருத்தருக்குக் குடுக்கற ஆதாயம் வருஷத்துக்கு 20,000 தாண்டுனா 10 சதவீதம் புடிச்சுத்தான் குடுக்கணும். பான் நம்பர் குடுக்கலேன்னாலோ, பான் ஆதாரோட இணைக்காம செயலிழந்து கிடந்தாலோ 20 சதவீதம் போயிரும், உங்க அக்கா வீட்டுக்காரருக்கு 10தான் போயிருக்கு, அப்ப பான் சரியா இருக்குன்னு அர்த்தம். 2022 ஜூன் 16 தேதி போட்ட சர்க்குலர் 12-ல நேரடி வரி வாரியம் தெளிவா பிரிச்சுக் காட்டியிருக்கு: வாங்கறவருக்கு விலைல குடுக்கற தள்ளுபடி, ரிபேட்டு, 10 வாங்குனா 2 இலவசம், இதுக்கெல்லாம் 194ஆர் கிடையாது. டார்கெட் முடிச்சதுக்கு டிவி, கார், தங்கக் காசு, மொபைல், குடும்பத்தோட டூர், இதுக்கெல்லாம் உண்டு. முதல்லயே சொன்னேனே, வாங்குனதுக்கா வியாபாரத்துக்கான்னு, அதே கோடுதான் இங்கயும்.

டூர் பத்தி ஒரு வார்த்தை. பொருளாவோ டூராவோ குடுத்தா அதுல 10 சதவீதம் வெட்டி எடுக்க முடியாது, அதனால வரி கட்டியாச்சுன்னு உறுதி ஆனப்புறம்தான் கம்பெனி குடுக்க முடியும். சில இடத்துல அந்த வரிப் பணத்த உங்களையே கட்டச் சொல்லுவாங்க. 1 லட்ச ரூபா டூர்னா 10,000 கையில இருந்து கட்டணும், அப்புறம் அந்த 1 லட்சம் உங்க வருமானத்துலயும் ஏறும். பேங்காக் டூர் ஃப்ரீன்னு கிளம்பறதுக்கு முன்னாடி இதக் கேட்டுக்குங்க. குலுக்கல்ல பரிசு விழுந்துச்சுன்னா அது இன்னும் வேற, அதுக்கு நேரடியா 30 சதவீதம், அடிப்படை விலக்கு எதுவும் அதுக்குச் செல்லாது.

இன்னொன்னு, பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரர் தீபாவளிக்கு 5,000 ரூபா வெள்ளிக் காசு குடுத்தா டிடிஎஸ், அதாவது குடுக்கும்போதே புடிக்கற வரி, இருக்காது, முந்தின வருஷ விற்றுமுதல் 1 கோடிக்குள்ள இருக்கற தனிநபர் வியாபாரி புடிக்க வேண்டியதில்ல, தொகையும் 20,000-க்குள்ள. புடிக்கல, அதனால வரி இல்லேன்னு நினைச்சுக்காதீங்க, தொழிலால வந்ததுன்னா அதுவும் வருமானம்.

சரி, 6,000 திரும்ப வருமா? வரும். ஆனா தானா வராது, ரிட்டர்ன் போட்டாத்தான் வரும். அவர் கணக்கு எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம் போட்டுப் பாக்கறேன். வருஷத்துக்கு 14 லட்சம் வேலை எடுக்கறார், ஆள் கூலி, சாமான் எல்லாம் போக நிஜமா கையில நிக்கறது 5 லட்சம்னு வெச்சுக்குவோம். சின்ன வியாபாரத்துக்கான 44ஏடி பிரிவுல விற்றுமுதல்ல குறைஞ்சது 8 சதவீதம், பேங்க் மூலமா வந்ததுக்கு 6 சதவீதம் லாபமா காட்டுனா போதும்னு இருக்கு, ஆனா அது கீழ் வரம்புதான், நிஜ லாபம் கூட இருந்தா அதத்தான் காட்டணும். அந்த 5 லட்சத்தோட டோக்கன் 60,000த்த முழுசா சேர்த்துருங்க. டோக்கனையும் விற்றுமுதல்ல சேர்த்து அதுல 6 சதவீதம் மட்டும் காட்டலாமான்னு சிலர் கேப்பாங்க, டோக்கன் அவர் செஞ்ச வேலைக்கு கஸ்டமர் குடுத்த பணம் இல்ல, அதனால எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவருக்கு அதனால நஷ்டமும் ஒன்னும் இல்ல. மொத்தம் 5,60,000. 2025-26 வருஷத்துக்கு புது வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, மிச்சம் 1,60,000-க்கு 5 சதவீதம் 8,000 வரும், ஆனா 12 லட்சத்துக்குள்ள இருந்தா 87ஏ தள்ளுபடி அத அப்படியே அடிச்சுரும். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். புடிச்ச 6,000 முழுசா அவர் அக்கவுண்டுக்கு வரணும்.

அவர் வருமான வரித் துறையோட இ-ஃபைலிங் போர்ட்டல்ல போயி, அவர் பான்ல பதிவான வருமானமும் புடிச்ச வரியும் இருக்கற 26ஏஎஸ், ஏஐஎஸ் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் எடுத்துப் பாக்கட்டும். 194ஆர்-னு ஒரு வரி இருக்கும், கம்பெனி பேரு, குடுத்த தொகை, புடிச்ச வரி எல்லாம் இருக்கும். ரிட்டர்ன்ல வருமானம் அந்தத் தொகைக்குக் குறைவா இருக்கக் கூடாது, வரிய கிளெய்ம் பண்ணிட்டு வருமானத்த விட்டுட்டா நோட்டீஸ் வரும், ரீஃபண்டும் நின்னுரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஆபீஸுக்கு ஒரு பெயின்டர் மகளுக்கு காலேஜ் லோன் எடுக்க ஐடிஆர் வேணும்னு வந்தார். நகக்கண்ணுல வெள்ளை பெயின்ட் அப்படியே இருந்துச்சு. 26ஏஎஸ் எடுத்துக் காட்டுனேன், ரெண்டு வருஷத்துல மொத்தம் 11,400 ரூபா அவர் பேர்ல நின்னுச்சு. "அது கவர்மென்ட்டுக்குப் போனது போனதுதான்னு நினைச்சேனுங்க"ன்னார். ஆப்ல டிடிஎஸ் கழிச்சாச்சுன்னு ஒரு வரி இங்கிலீஷ்ல வந்திருக்கு, அவ்வளவுதான், அது திரும்ப வாங்கக் கூடிய காசுன்னு அவருக்கு யாரும் சொல்லல. அவருக்கு அது பத்து நாள் சம்பளம்.

ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்கன்னா இதையும் பாத்துக்குங்க. பில்லுலயே தள்ளுபடி காட்டியிருந்தா குறைஞ்ச விலைக்குத்தான் ஜிஎஸ்டி, அதத்தான் இன்புட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கற தொகையா, எடுக்கணும். பேங்க் தனியா குடுக்கற கேஷ்பேக் கடைக்காரர் பில்ல மாத்தாது, இன்புட் முழுசா எடுக்கலாம். விற்பனைக்கு அப்புறம் கடைக்காரர் ஜிஎஸ்டியோட கிரெடிட் நோட் குடுத்தா அந்த அளவு இன்புட்ட திருப்பணும், ஜிஎஸ்டி இல்லாத வெறும் கணக்குக் கிரெடிட் நோட்டுன்னா திருப்ப வேண்டியதில்லேன்னு 2025 செப்டம்பர்ல வந்த சர்க்குலர் 251 சொல்லிருச்சு.

நான் சொன்ன பிரிவு நம்பரெல்லாம் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1-லிருந்து 2025 வருமான வரிச் சட்டம் வந்திருச்சு, அதுல சம்பளம் தவிர மத்த டிடிஎஸ் எல்லாம் பிரிவு 393-க்குள்ள போயிருச்சு, 44ஏடி, 44ஏடிஏ ரெண்டும் 58-ல. 2025-26 வருஷத்து வருமானத்துக்குப் போடற ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான், அதனால இப்போதைக்கு பழைய நம்பர வெச்சே பேசிக்கலாம்.

அக்கா வீட்டுக்காரர்கிட்ட போன வருஷத்த மட்டும் பாக்காம 2022-23-லிருந்து ஒவ்வொரு வருஷத்து 26ஏஎஸ்-ம் எடுக்கச் சொல்லுங்க. ரிட்டர்ன் போடாம விட்ட வருஷத்துல புடிச்ச காசு இருந்தா, தாமதத்த மன்னிக்கக் கேட்டு பிரிவு 119(2)(பி)-ல மனு போடலாம், மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், முடிஞ்சதிலிருந்து 5 வருஷம் டைம் இருக்கு. 2022-23-க்கு அது 2029 மார்ச் 31 வரைக்கும். ஏன் அப்பவே போடலேன்னு நியாயமான காரணம் எழுதணும், ரீஃபண்டு மேல வட்டி கிடைக்காது, ஆனா அசல் கிடைக்கும். மனு போடறதுக்கு முன்னாடி பேங்க் அக்கவுண்ட போர்ட்டல்ல வேலிடேட் பண்ணிட்டு, ஆப்ல இருக்கற டோக்கன் ஸ்டேட்மென்ட்ட வருஷ வாரியா டவுன்லோடு பண்ணி வெச்சுக்கச் சொல்லுங்க. எந்த வரியாவது புரியலேன்னா, பான் நம்பர மறைச்சுட்டு இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.